ஊருக்கு அனுப்பும் பணமும் பஞ்சப்படியும்

ஒரு ரயில்வே குமாஸ்தா எழுதுவது

மாதச் சம்பளக்காரர் இருவர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு விலைவாசியில் வந்து நிற்பது இயல்பு. நம் சங்கத்தின் மாதக் கூட்டமும் இதற்கு விலக்கன்று. கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், தக்காளி என்ன விலை, பள்ளிக்கூடக் கட்டணம் எவ்வளவு ஏறிற்று, வீட்டு வாடகை எங்கே போய் நிற்கும் என்பனவே பேச்சு. அப்பேச்சில் முன்னின்று கலந்துகொள்பவர்களில் நானும் ஒருவன். ரயில்வே அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பவன் ஆகையால், விலைவாசியைப் பற்றிப் பிறரைக் காட்டிலும் சற்று அதிகமாகவே அறிந்தவன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை, 2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், என் தாயாரின் தகரப் பெட்டி எனக்குக் கற்பித்தது. அதனை அன்பர்களிடம் சொல்லவே இக்கட்டுரை.

பஞ்சப்படி வந்த கதை

இக்காலத்தில் அகவிலைப்படி என்று எழுதுகிறார்கள். நம் பெரியவர்கள் பஞ்சப்படி என்றே சொல்லி வந்தார்கள். பெயரிலேயே அதன் வரலாறு அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் தானியங்களின் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. நாம் வாழும் இந்த மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஜி.ஐ.பி. ரயில்வேயின் தொழிலாளர்கள், விலையேற்றத்திற்கு ஈடாகத் தனிப்படி வேண்டும் என்று கோரினார்கள். அக்கோரிக்கையை ஆராய 1940 ஆம் ஆண்டில் பி. என். ராவ் அவர்களின் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அந்த ஜி.ஐ.பி. ரயில்வேயே 1951 ஆம் ஆண்டில் வேறு சில ரயில்வேக்களுடன் இணைந்து மத்திய ரயில்வே ஆயிற்று.

அதன் பின்னரும் இப்படி எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1973-74, 1974-75 ஆம் ஆண்டுகளில் மொத்த விலைகள் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறின. 1974 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் தேதி தொடங்கி இருபது நாட்கள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் பஞ்சப்படியும் ஒன்று. அவ்வாண்டிலேயே, புதிதாகக் கிடைக்கும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைக்கச் சட்டம் வந்தது. ஊழியர் கையில் பணம் மிகுந்தால் விலை இன்னும் ஏறும் என்பது அன்றைய அரசாங்கத்தின் கருத்து.

இன்றைய முறை வருமாறு: நாடெங்கும் உள்ள 88 தொழில் நகரங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை, துணி, மருந்து முதலியவற்றின் விலைகளைத் திரட்டி, தொழிலாளர் விலைக் குறியீட்டெண் மாதந்தோறும் வெளியிடப்படுகிறது. அதன் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டு ஜனவரி, ஜூலை மாதங்களில் பஞ்சப்படி மாற்றி அமைக்கப்படுகிறது. ஏழாவது சம்பளக் கமிஷனின் கணக்கில், 2017 ஜூலையில் அது அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவிகிதம். 2025 ஜூலையில் 58 சதவிகிதம்.

இடையில் ஒரு முறை இது நின்றது. கொரோனாக் காலத்தில், 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2021 ஜூலை முதல் படி மீண்டும் உயர்த்தப்பட்டாலும், அந்தப் பதினெட்டு மாதங்களுக்கு உரிய பாக்கி தரப்படவில்லை. அந்நாட்களில் நான் முணுமுணுக்காத நாள் இல்லை. “பதினெட்டு மாதம் பழைய சம்பளத்தில் புது விலைக்குச் சாமான் வாங்கு என்றால் எப்படி ஐயா?” என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! இதனை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தகரப் பெட்டி

என் தகப்பனார் தாராவியில் இட்லிக் கடை நடத்தியவர். 2015 ஆம் ஆண்டில் அவர் காலமானார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்திருந்த எனக்கு அப்பொழுது பெரிய வருமானம் இல்லை. தாயார் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக் கிராமத்திற்கே போய்விட விரும்பினார்கள். முப்பது ஆண்டுக் கடை வியாபாரத்தில் தகப்பனார் மிச்சம் பிடித்த 2 லட்சம் ரூபாயை அவ்வாண்டு ஜூலையில் அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் தாயார் பெயரில் போட்டோம். அப்பொழுது வட்டி 8.4 சதவிகிதம், மாதம் 1,400 ரூபாய் வந்தது.

இலாகாத் தேர்வு எழுதி நான் குமாஸ்தாவானதும், 2017 ஜூலை முதல் மாதந்தோறும் தாயாருக்கு 3,000 ரூபாய் அனுப்பலானேன். நம் தந்தையர் காலத்தில் மணியார்டர் பாரத்தை மாதந்தோறும் கையால் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போதே, இம்மாதம் பத்து ரூபாய் கூட்டலாமா என்ற நினைவு வரும். எனக்கு அத்தொல்லை இல்லை. மாதம் 3 ஆம் தேதி பணம் தானாகவே சென்று சேருமாறு வங்கியில் ஒருமுறை ஏற்பாடு செய்தேன். அது தவறாமல் எட்டு ஆண்டுகள் நடந்தது. தாயாருக்குப் பணம் அனுப்புவதில் ஒரு மாதமும் தவறியதில்லை என்று நம் சங்கத்து நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

2025 ஜூலையில் அஞ்சலகக் கணக்கு இரண்டாம் முறையாக முதிர்ந்தது. அதனைப் புதுப்பிக்கவும், அப்படியே ஆடிக் கொடைக்குக் கோயிலுக்குப் போகவும் ஊர் சென்றேன். அஞ்சலகப் புத்தகத்தைத் தேடித் தாயாரின் தகரப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் மளிகைக் கடையின் பற்று நோட்டுகள் ஆண்டு வாரியாகக் கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. கணக்கு நோட்டைக் கண்டால் புரட்டிப் பார்ப்பது என் தொழிற் பழக்கம். 2017 ஜூலை மாதத்தையும் 2025 ஜூன் மாதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்.

2017 ஜூலையில் பால் நாள்தோறும் அரை லிட்டர். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர். பாசிப்பருப்பு ஒரு கிலோ. காப்பித் தூள் 200 கிராம். மாத மொத்தம் 1,940 ரூபாய். 2025 ஜூனில் பால் என்ற பதிவே இல்லை. தேங்காய் எண்ணெய் 200 மில்லி. பாசிப்பருப்பு கால் கிலோ. காப்பித் தூளுக்குப் பதிலாகத் தேயிலைத் தூள் ஒரு சிறு பொட்டலம். மாத மொத்தம் 1,870 ரூபாய்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால், ஊரில் விலையே ஏறவில்லை என்றுதான் ஒரு குமாஸ்தா முடிவு செய்வான். விலை ஏறியது, தொகை ஏற இடமில்லை, ஆகையால் அளவு குறைந்தது. இதுவே அந்த நோட்டுகள் சொன்ன செய்தி.

நோட்டுகளின் நடுவே மருந்துக் கடைச் சீட்டுகளும் இருந்தன. இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் ஒரு மாத்திரை என்பது மருத்துவர் சொன்னது. முப்பது மாத்திரைகள் வாங்கிய சீட்டுகளின் தேதிகளைப் பார்த்தேன். முதலில் முப்பது நாட்களுக்கு ஒன்றாக இருந்தவை, 2023 ஆம் ஆண்டிற்குப் பிறகு நாற்பது, ஐம்பது நாட்களுக்கு ஒன்றாக ஆகியிருந்தன. அரசாங்கத்தின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2022 ஏப்ரலில் நூற்றுக்கு 10க்கு மேலும், 2023 ஏப்ரலில் நூற்றுக்கு 12க்கு மேலும் விலையேற்றம் அனுமதிக்கப்பட்டது என்பதை நான் செய்தித்தாளில் படித்ததுண்டு. அச்செய்திக்கும் என் வீட்டிற்கும் தொடர்பு உண்டு என்று அன்று தோன்றவில்லை.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“நீ மட்டும் அங்க வெல கொடுக்காமலா சாமான் வாங்குத? ரெண்டு பிள்ளையள வெச்சுக்கிட்டு நீ படுத பாடு எனக்குத் தெரியாதா? ரேஷன்ல அரிசி சும்மாதான் குடுக்கான். ஒத்த வயித்துக்கு என்னப்பா வேணும்?” என்றார்கள்.

உண்மைதான். தமிழ்நாட்டில் 2011 ஆம் ஆண்டு முதல் அட்டைக்கு அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அந்த அரிசி இல்லையானால் நோட்டில் இன்னும் என்னென்ன குறைந்திருக்குமோ!

அம்மாவின் பட்டியல்

2025 அக்டோபரில், பஞ்சப்படி 55 சதவிகிதத்திலிருந்து 58 ஆக உயர்ந்த ஆணை வந்தது. ஜூலை முதல் மூன்று மாதப் பாக்கியுடன் எல்லோருக்கும் பட்டியல் தயாரித்தோம். அன்று மாலை, வேலை முடிந்த பின், ஒரு வெள்ளைத் தாளில் என் தாயாருக்கும் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன்.

நான் 3,000 ரூபாய் அனுப்பத் தொடங்கியபோது என் பஞ்சப்படி 5 சதவிகிதம். அன்று 105 ஆக இருந்த என் சம்பளம், பஞ்சப்படியால் மட்டும் 158 ஆகிவிட்டது. அதே விகிதத்தில் 3,000 ரூபாய் 4,514 ரூபாயாக ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மறுபக்கமிருந்து பார்த்தால், 2025 இல் நான் அனுப்பிய 3,000 ரூபாய் 2017 ஆம் ஆண்டுக் கணக்கில் 1,994 ரூபாய்க்கே சமம். மூன்றில் ஒரு பங்கை நான் ஓசையின்றிக் குறைத்துவிட்டேன்.

அரசாங்கம் எனக்குப் படி உயர்த்திய அதே தேதிகளில் அதே விகிதத்தில் நானும் உயர்த்தியிருந்தால், 2025 ஜூன் முடிய தாயாருக்குக் கூடுதலாகச் சென்றிருக்க வேண்டிய தொகை 63,429 ரூபாய். அரசாங்கம் நிறுத்திவைத்த பதினெட்டு மாதங்களுக்கு நானும் உயர்த்தாமலே போட்ட கணக்கு இது. என் படி பதினெட்டு மாதங்கள் நின்றதற்கு ஊரெல்லாம் கேட்கப் புலம்பினேன். எட்டு ஆண்டுகள் நின்றவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சேமிப்பு கரைந்த விதம்

அஞ்சலகத்தில் இருந்த 2 லட்சத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் முதன்முறை முதிர்ந்தபோது தாயார் அதே திட்டத்தில் புதுப்பித்தார்கள். அப்பொழுது வட்டி 6.6 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. மாதம் 1,100 ரூபாய்தான். அதே அஞ்சலகத்தில், அறுபது வயது நிறைந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 7.4 சதவிகிதம் கொடுத்தார்கள். தாயாருக்கு அப்பொழுது வயது 63. “வயதானவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு” என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. குற்றம் என்னுடையதே.

வட்டி குறைந்தது ஒரு நஷ்டம். அதனினும் பெரிது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். நாட்டின் நுகர்வோர் விலைகள் சராசரியாக 2020-21 இல் 6.2, 2021-22 இல் 5.5, 2022-23 இல் 6.7, 2023-24 இல் 5.4, 2024-25 இல் 4.6 சதவிகிதம் ஏறின. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், ஐந்து ஆண்டுகளில் 100 ரூபாய்ச் சாமான் சுமார் 132 ரூபாய் ஆகிவிட்டது. எனவே, முதிர்வின்போது தாயார் கையில் வந்த 2 லட்சம், முன்னைய மதிப்பில் 1,52,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் முதல் குறையவில்லை. கடைவீதியில் கால் பங்கு குறைந்துவிட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விலைகள் நூற்றுக்கு 5 ஏறும் காலத்தில் 8 வட்டி வந்தால், அதில் 5 முதலின் தேய்மானத்தை ஈடுசெய்வதற்கே உரியது. மீதி 3 மட்டுமே உண்மையான வருமானம். வட்டி முழுவதையும் செலவிடுகிறவர் தம்மை அறியாமலே முதலையும் சேர்த்துச் செலவிடுகிறார். வேறு வழியில்லாத முதியவர்கள் அவ்வாறுதான் செய்ய வேண்டியிருக்கிறது. பிள்ளைகளாகிய நாமாவது அதை அறிந்திருக்க வேண்டாமா?

சராசரியும் அடுப்பங்கரையும்

விலையேற்றம் நூற்றுக்கு இத்தனை என்று செய்தித்தாளில் வருவது சராசரி. ஒவ்வொரு வீட்டுக்கும் அது பொருந்தாது. 2022-23 ஆம் ஆண்டு நடந்த குடும்பச் செலவு ஆய்வின்படி, கிராமத்து மக்கள் தங்கள் செலவில் நூற்றுக்குச் சுமார் 46 பங்கை உணவுக்கே செலவிட்டனர்; நகரத்தார் 39 பங்கு. 2024 அக்டோபரில் பொதுவான விலையேற்றம் 6.21 சதவிகிதமாக இருந்தபோது உணவுப் பொருள்களின் ஏற்றம் 10.87 சதவிகிதம். வருமானத்தில் பெரும்பகுதியை அடுப்பங்கரைக்கும் மருந்துக் கடைக்கும் கொடுக்கும் ஒரு முதியவருக்கு இரண்டாவது எண்ணே பொருந்தும்.

மற்றொரு மயக்கமும் உண்டு. 2025 அக்டோபரில் விலையேற்றம் 0.25 சதவிகிதமாகத் தணிந்தது. உடனே நண்பர் ஒருவர், “விலைவாசிதான் இறங்கிவிட்டதே!” என்றார். சில காய்கறிகளும் பருப்பும் முந்தைய ஆண்டைவிட மலிந்தது உண்மை. ஆனால் ஏற்றம் தணிந்தது என்றால், மொத்தத்தில் மேலும் ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். ஏறிய படிகளிலிருந்து விலைகள் இறங்கி வந்துவிட்டன என்பதன்று. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ரிசர்வ் வங்கிக்கு வகுக்கப்பட்ட இலக்கே ஆண்டுக்கு 4 சதவிகித ஏற்றம். அந்த இலக்கு ஆண்டுதோறும் பிசகாமல் நிறைவேறினாலும், பதினெட்டு ஆண்டுகளில் விலைகள் இரு மடங்காகிவிடும்.

இதற்கு அஞ்சி, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருவதாகச் சொல்வோரிடம் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் பேதைமை. அத்தகைய முறையற்ற வைப்புத் திட்டங்களைத் தடை செய்து 2019 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. விலைவாசி மெதுவாகக் கரைக்கும் பணத்தை இவர்கள் ஒரே இரவில் கரைத்துவிடுவார்கள்.

படி இல்லாதவர்கள்

ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. பஞ்சப்படி என்னும் குடை நம் நாட்டில் மிகச் சிலருக்கே உண்டு. என் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் பருப்பும் நான் வாங்கும் பருப்பும் ஒரே விலை. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்மணிக்கும் அப்படியே. அவருடைய சம்பளத்தைக் கடைசியாக எப்பொழுது உயர்த்தினோம் என்று என் மனைவியைக் கேட்டேன். சற்று யோசித்து, “கொரோனா முடிந்த புதிதில்” என்றாள். அவருடைய பட்டியலையும் அன்றிரவு எழுத வேண்டியதாயிற்று.

செய்யத்தக்கவை

என் இல்லத்தில் இப்பொழுது சில வழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம். ஊருக்குத் தானாகச் செல்லும் பணத்தை ஜனவரியிலும் ஜூலையிலும் எடுத்துப் பார்த்து, எனக்கு ஏறும் விகிதத்தில் உயர்த்துவது. தொகையைக் கேட்பதோடு நில்லாமல், பால் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மாத்திரை எத்தனை நாள் வந்தது என்று அளவைக் கேட்பது. பெற்றோரின் வைப்புகள் முதிரும் தேதிகளை நம் வீட்டு நாட்காட்டியில் குறித்து, வயதுக்கு உரிய திட்டம் எது என்று ஒரு மாதம் முன்பே விசாரிப்பது. தாயாரின் 2 லட்சத்தை 2025 ஜூலையில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவிகித வட்டிக்கு மாற்றிவிட்டோம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை 4,100 ரூபாய் வருகிறது. முன்பு அதே மூன்று மாதத்திற்கு வந்தது 3,300.

63,429 ரூபாயை ஒரே தவணையில் கொடுக்க என்னால் இயலாது. புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கும் எண்ணத்தை என் மனைவியே ஒத்திவைத்தாள். 2025 நவம்பர் முதல் 4,514 ரூபாயுடன் பாக்கிக் கணக்கில் 1,000 ரூபாயும் சேர்த்து அனுப்புகிறோம். முதல் மாதம் பணம் சேர்ந்தவுடன் தாயார் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார்கள்.

“தப்பா அனுப்பிட்டியாப்பா? கூட வந்திருக்கே!”

“தப்பில்லை அம்மா, பஞ்சப்படி” என்றேன்.

நம்மில் பலருடைய பெற்றோர் தென்காசியிலும் தூத்துக்குடியிலும் விழுப்புரத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் வாய்திறந்து கேட்க மாட்டார்கள். ஆகையால், அன்பர்களே, இம்மாதம் சம்பளம் வாங்கியதும் ஒரு தாளை எடுத்து, ஊருக்கு அனுப்பும் தொகையையும், அதனை முதன்முதலில் நிர்ணயித்த ஆண்டையும் எழுதிப் பாருங்கள். கணக்குப் போடத் தெரியாதவர்கள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு அத்தாளோடு வந்தால், நான் போட்டுத் தருகிறேன்.

எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் சென்ற வாரம் விசாரித்தேன். பற்று நோட்டில் பால் மறுபடியும் ஏறியிருக்கிறது. நாளைக்குக் கால் லிட்டர். அரை லிட்டர் ஆக வேண்டும்.